இரவல் குரல்

நவம்பர் 4, செவ்வாய்
லிஸ்பன்

கப்பலில் ஏறியாகிவிட்டது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் போன் எடுக்காது என்றார்கள். அதனால்தான் இந்த டைரி. உரக் கம்பெனிக்காரன் யாரோ போன வருடம் கொடுத்தது. தேதியை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

நான்காவது தளத்தில் அறை. இரண்டு கட்டில்கள். ஒன்றின் மேல் பெட்டியை வைத்தேன். பிறகு எடுத்துத் தரையில் வைத்துவிட்டேன்.

டைரக்டர் டுவார்த்தே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். போர்த்துக்கீசியர். எழுபது வயது இருக்கும். கழுத்தில் பச்சைத் துண்டு. கதை என்ன சார் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். கதை இல்லை, கப்பல்தான் இருக்கிறது என்றார். ஒரு சொகுசுக் கப்பல். எந்தத் துறைமுகத்திலும் அது நிற்பதில்லை. பயணிகளுக்கும் அது தெரியும். இருந்தாலும் தினமும் காலையில் இறங்குவதற்காகப் பெட்டி கட்டுகிறார்கள். நடன அறையில் ஒரு குதிரை வசிக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்று படத்தில் யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. சீரியலில் மாமியாராகவும் பெரியம்மாவாகவும் இத்தனை வருடம் நடித்தவளுக்குக் காரணம் கேட்காமல் நடிப்பது புதிதில்லை.

என்னை எங்கே பார்த்தார் என்றும் சொன்னார். பாரிஸில் ஒரு தமிழர் மளிகைக் கடைக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போனாராம். கல்லாவுக்கு மேலே டி.வி. ஓடிக்கொண்டிருந்ததாம், சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்களாம். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தேனாம். இந்த முகம் வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாராம்.

சத்தமில்லாமல் பார்த்திருக்கிறார். அப்படி என்னைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

நவம்பர் 5, புதன்

காலையிலிருந்து வாந்தி. குதிரைக்கும் அப்படித்தானாம். அதற்கு ஊசி, எனக்கு மாத்திரை.

பிலோமின் கொண்டுவந்து கொடுத்தாள். படத்துக்கு ஒலிப்பதிவு அவள்தான். நாற்பதைத் தாண்டியவள். பூர்வீகம் பாண்டிச்சேரி, பிறந்ததும் வளர்ந்ததும் பாரிஸ். எனக்கும் டுவார்த்தேவுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலையும் அவள் தலையில் விழுந்திருக்கிறது. அம்மா பேசக் கேட்டுக் கற்ற தமிழாம், அடுப்படியைத் தாண்டாது என்று அவளே சொல்லிக்கொண்டாள். நன்றாகத்தான் பேசுகிறாள். ஒவ்வொரு வார்த்தையையும் தட்டில் எடுத்து வைப்பதுபோல் மெதுவாக வைக்கிறாள்.

மத்தியானம் தேவலை. உள்பாவாடையைத் துவைத்துக் குளியலறைக் கம்பியில் போட்டேன். கடல் காற்றில் எதுவும் காய்வதில்லை, பிசுபிசுக்கிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் நீள மேஜைகளில் கூட்டமாக உட்கார்ந்து அவரவர் பாஷையில் பேசுகிறார்கள். நான் ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

முதல் நாள் ஷூட்டிங்.

மூன்றாவது தளத்து நடையில் பழைய காலத்து மரக் கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கறுப்புத் தொலைபேசி. அதன் கம்பி கூண்டுக்கு வெளியே வந்து தரைவிரிப்பின் மேல் அறுந்து கிடக்கிறது. படத்திலும் அது தெரியுமாம். என் பாத்திரம் தினமும் அங்கே போய் யாரிடமோ பேசுகிறாள். பயணிகள் அவளைக் கடந்து போகிறார்கள். இவ்வளவுதான்.

வசனம் எங்கே என்று கேட்டேன். வசனம் கிடையாது, உங்கள் மொழியில் உங்களுக்குப் பேசத் தோன்றியவரிடம் பேசுங்கள் என்றார்.

காமிரா ஓடியது. நான் ரிசீவரை எடுத்தேன், கண்ணில் நீர் வரவழைத்தேன், உதடுகளை அசைத்தேன். கிளிசரின் இல்லாமலே வந்தது. நல்ல டேக் என்றுதான் நினைத்தேன். பிலோமின் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே கேக்கலையே மேடம்."

கேட்காதுதான். நான் பேசவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாயை மட்டும் அசைத்தேன். எனக்கு அதுதான் பழக்கம். இங்கே டப்பிங் கிடையாது, பேசுவதை அப்படியே எடுக்கிறார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன்.

இருபத்தைந்து வயதில் கழுத்தில் ஆபரேஷன் ஆனது. அதோடு குரல் உடைந்துவிட்டது. அதற்கப்புறம் என் முகத்துக்கு வேறு குரல்தான். முதலில் யார் யாரோ கொடுத்தார்கள். பிறகு சௌந்தரம். இருபது வருடத்துக்கு மேல் அவள்தான். தேன் மாதிரி குரல் என்று ஜனங்கள் என்னைத்தான் சொல்வார்கள். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. அவள் வேலையை அவள் செய்தாள், என் வேலையை நான் செய்தேன்.

போன பங்குனியில் அவள் தவறிப்போனாள். வேறு குரல் வைத்துப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. சீரியலில் என் பாத்திரத்தைக் கொன்று, என் போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் டுவார்த்தேவின் ஆள் போன் செய்தான். அவ்வளவுதான் விஷயம்.

நவம்பர் 7, வெள்ளி

இன்று சாப்பாட்டுக் கூடத்தில். பன்னிரண்டு பேர் உட்காரும் மேஜை, எல்லா இடத்திலும் தட்டு, கிண்ணம், மடித்த துணி. நான் மட்டும் உட்கார்ந்து சூப் குடிக்கிறேன். மேலேயிருந்து பனி கொட்டுகிறது. பனி என்றால் காகிதத் துகள். சூப்பில் விழுந்தாலும் குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

டுவார்த்தேவுக்கு ரொம்பத் திருப்தி. தனியாகச் சாப்பிடுவதை யாரும் இவ்வளவு இயல்பாகச் செய்து நான் பார்த்ததில்லை என்றாராம்.

இடைவேளையில் எல்லாரும் ஒரு பக்கம் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டார்கள். நான் இன்னொரு பக்கம். அப்போது பனி இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

நவம்பர் 8, சனி

டுவார்த்தே கூப்பிட்டு அனுப்பினார். பிலோமினும் கூட இருந்தாள். கூண்டுக் காட்சியை அப்படியே எடுத்துவிட்டு, ஊருக்குப் போனபின் யாரையாவது வைத்துக் குரல் சேர்த்துக்கொள்ளலாமே என்றேன். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. குரல் எனக்கு வேண்டும், இல்லையென்றால் அந்தக் கூண்டுக்கு வேலை இல்லை என்றார். ஹலினா என்று போலந்துக்கார நடிகை ஒருத்தி இருக்கிறாள். நடன அறையில் குதிரையோடு வருகிறவள். செவ்வாய்க்கிழமைக்குள் என்னால் முடியாவிட்டால் அவள் செய்வாள். புதன்கிழமை கப்பல் மதேரா தீவில் ஒதுங்குகிறது. அங்கே விமான நிலையம் இருக்கிறது. இதை ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் பிலோமின், உங்கள் குரலில் என்ன குறை, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றாள். இவளுக்கு என் இன்னொரு குரல் தெரியாது. தெரிந்தால் இப்படிச் சொல்ல மாட்டாள்.

ஊருக்குத் திரும்பிப் போனால் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டைக் காலி செய்ய வேண்டும், அந்த வேலை காத்திருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

ஷூட்டிங் இல்லை. கைப்பையைக் கொட்டிச் சுத்தம் செய்தேன். அதிமதுரப் பொட்டலம் ஒன்று வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மேற்கு மாம்பலத்தில் வாங்கியிருக்கிறேன். தொண்டைக்கு இதைப் போட்டுக்கொள்வது சௌந்தரம்தான். நான் தொட்டதே இல்லை. கடைக்காரர் எப்போதும் கொடுப்பதுபோல் கொடுத்திருப்பார், நானும் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பேன்.

குதிரையைப் போய்ப் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

சௌந்தரத்தை நான் முதலில் பார்த்தது சாலிகிராமம் காய்கறிக் கடையில். அதற்கு முன் ஒரு வருடமாக அவள் எனக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஆனால் நேரில் பார்த்ததில்லை. கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் என் குரல் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசியது. திரும்பிப் பார்த்தால் குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் மஞ்சள் பையோடு ஒருத்தி. அவளும் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் பேசவே இல்லை, சிரித்துக்கொண்டே நின்றோம். கடைக்காரர் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

பிறகு ஒரே வீட்டில் இருந்தோம். வேலைக்கு அது சௌகரியம். நான் நடித்துவிட்டு வந்து எந்த இடத்தில் மூச்சு வாங்கினேன், எங்கே விழுங்கினேன் என்று சொன்னால் அவள் மறுநாள் டப்பிங் தியேட்டரில் அப்படியே பேசிவிடுவாள்.

நவம்பர் 10, திங்கள்

இன்று பேசினேன். சௌந்தரம் மாதிரி பேசினேன்.

அவள் இழுப்பது, கடைசி எழுத்தைக் காற்றில் விடுவது எல்லாம் எனக்கு மனப்பாடம். தொண்டையை இறுக்கி, குரலை மேலே தூக்கி, பழைய சீரியல் வசனம் ஒன்றையே சொன்னேன். பிலோமின் தலையாட்டினாள், சத்தம் சரியாக விழுந்துவிட்டது என்று.

டுவார்த்தே எழுந்து கூண்டுக்கு வந்தார். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. என்னிடமே நேராக இங்கிலீஷில் சொன்னார், இது வேறு ஒரு பெண், நான் கூப்பிட்டது இவளை இல்லை என்று.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். தொண்டை எரிந்தது. அதிமதுரம் ஒரு துண்டு போட்டுக்கொண்டேன். இதையா மென்றுகொண்டிருந்தாள். சகிக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ஆயிற்று. ஏதோ பேசினேன். வீட்டு விஷயம்தான்.

டுவார்த்தே 'கட்' சொல்ல மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நானே ரிசீவரை வைத்துவிட்டு வந்தேன். ஹலினா வழியில் நின்று என் முழங்கையைத் தொட்டாள்.

உடம்பெல்லாம் வலிக்கிறது.

நவம்பர் 12, புதன்

கப்பல் நின்றிருக்கிறது. தீவு பச்சையாக இருக்கிறது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். நான் இறங்கவில்லை. இனி என்னை ஊருக்கு அனுப்ப மாட்டார்களாம்.

போன் எடுத்தது. சௌந்தரத்தின் அண்ணன் மகன் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். ஆன்ட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே, எப்போது வருகிறீர்கள். வேறு எதுவும் வரவில்லை. மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மத்தியானம் பிலோமின் அவள் இடத்துக்குக் கூப்பிட்டாள். சின்ன அறை, சுவரெல்லாம் ஒயர். படத்தின் அடியில் எழுத்துப் போட வேண்டும், நான் பேசியதற்கு அர்த்தம் எழுதித் தர வேண்டும் என்று டுவார்த்தே கேட்டிருக்கிறார். அவளுக்கே புரியாதா என்று கேட்டேன். புரிந்தது, ஆனால் நீங்கள் கேட்காமல் நான் எழுதுவது சரியில்லை என்றாள். ஹெட்போனை என் காதில் வைத்தாள்.

என் குரலை நான் இப்படிக் கேட்டதில்லை. முதலில் யாரோ ஆண் பேசுவதுபோல் இருந்தது. பிறகு என் அப்பா மாதிரி இருந்தது. பிறகு நான்தான்.

பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"சௌந்தரம், நான்தான். சாப்பிட்டியா? நான் சாப்பிட்டேன். இங்க எதை எடுத்தாலும் மீன் வாசனை. கப்பல்ல இருக்கேன், தெரியுமா. ஒரு குதிரை வேற இருக்கு, நீ பாத்தா சிரிப்ப. உங்க அண்ணன் பசங்க வந்திருந்தாங்க. பீரோவ எடுத்துட்டுப் போயிட்டாங்க. உன் புடவையெல்லாம் அதுலதான். ஒண்ணு மட்டும் துவைக்கக் கிடந்துச்சு, அது எங்கிட்ட இருக்கு. துவைக்கல. பெரியவன் கேட்டான், ஆன்ட்டி நீங்க இங்க வாடகைக்கு இருக்கீங்களான்னு. ஆமான்னுட்டேன். வேற என்னன்னு சொல்றது, நீ சொல்லு. எனக்கு எப்பவும் நீதானே பேசுவ. இப்ப நானே பேசறேன். எப்படி இருக்கு? பெஞ்ச இழுக்கற மாதிரி இருக்குல்ல. சரி, வெச்சிடவா? நீ வை. நீ முதல்ல வை."

அதற்கப்புறம் ரொம்ப நேரம் கப்பல் இயந்திரத்தின் சத்தம் மட்டும். நான் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹெட்போனைக் கழற்றினேன். பிலோமின் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சௌந்தரம் யாரு அக்கா?" என்றாள். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்கூட வேலை பாத்தவங்க."

அவள் மறுபடி கேட்கவில்லை. அடியில் எழுத்து எதுவும் வேண்டாம், அப்படியே விடச் சொல் என்றேன். அப்படியானால் பார்க்கிறவர்களுக்கு எப்படிப் புரியும் என்று டுவார்த்தே கேட்பாரே என்றாள்.

"தமிழ் தெரிஞ்சவங்களுக்குப் புரியட்டும். மத்தவங்க பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

சாயங்காலம் வந்து சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டுப் பிறகு சரி என்றாராம்.

நவம்பர் 14, வெள்ளி

மத்தியானம் மூன்று மணி இருக்கும். குதிரைக் காட்சிக்காக எல்லாரும் நடன அறையில் இருந்தார்கள். கதவைத் தட்டினார்கள். திறந்தால் பிலோமின். தலைக்குக் குளித்து ஈரமாக இருந்தது. எப்போதும் கழுத்தில் தொங்கும் ஹெட்போன் இல்லை. காதில் தோடு இல்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள்.

உள்ளே வந்தாள். நாற்காலியைக் காட்டினேன். அதில் உட்காராமல் தரைவிரிப்பில் காலை மடித்து உட்கார்ந்தாள். என்ன விஷயம் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நானும் எதிரில் கட்டிலில் சாய்ந்துகொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினாள்.

"எப்படிக்கா ஆச்சு?"

அப்போதுதான் அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

சொன்னேன். காய்ச்சல் என்று படுத்ததிலிருந்து சொன்னேன். கஷாயம் போட்டுக் கொடுத்தேன், ராத்திரி மூச்சு வாங்கியது, ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு நர்ஸ், நீங்கள் அவர்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள். கூட இருப்பவள் என்றேன். சொந்தக்காரர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றாள். அவள் மேல் தப்பில்லை, அது அங்கே சட்டம். கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் மகன்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வண்டி ஏற்பாடு செய்து ஊருக்கே கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் எதற்கு ஆன்ட்டி அவ்வளவு தூரம் அலைகிறீர்கள் என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான். என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைத்துவிட்டார்கள். நான் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடச் சொன்னார்கள், விட்டேன்.

மறுநாள் எனக்கு ஷூட்டிங் இருந்தது. போனேன். மேக்கப் போட்டுக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்து, கேள்விப்பட்டேம்மா, இப்ப உங்களுக்கு வேற குரல் தேடணுமே என்றார். அதோடு சரி. வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. இரண்டு மாதம் கழித்து சீரியலில் என் பாத்திரம் செத்தபோது பால்காரரிலிருந்து வங்கி மேனேஜர் வரை துக்கம் விசாரித்தார்கள். கோயிலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையை நான் வேறு கணக்கில் வாங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் சொல்லும்போது என் குரல் பாதியில் உடைந்து காற்றாகப் போனது. திரும்ப வந்தது. மறுபடி போனது. பிலோமின் எதையும் குறுக்கே கேட்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, தன் பாட்டுக்கு வழிந்தது. ஒரே ஒருமுறை, அவள் எப்படி இருப்பாள் என்று கேட்டாள். குட்டையாக இருப்பாள் என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. முருங்கைக்காய்க் கதையைச் சொன்னேன்.

அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மேலே நடன அறையில் குளம்புச் சத்தம் கேட்டது, நின்றது.

பிலோமின் எழுந்தாள். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு நேரே போய்விட்டாள். பாரிஸில் பிறந்தவளுக்கு அவள் அம்மா இதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

நானும் எழுந்து வாசல்வரை போய் வழியனுப்பவில்லை. துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் வழியனுப்பக் கூடாது.